ஆகஸ்டா ஃபேர்த்திங்கின் நாற்காலி

உலக இலக்கிய வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: நாவலாசிரியை ஆகஸ்டா ஃபேர்த்திங் 1847இல் பல்வலியோடு ஆல்டன்மின்ஸ்டரில் பதினோரு நாள் தங்கியதற்கு முன், தங்கியதற்குப் பின். அந்தப் பல்லைப் பிடுங்கிய குறடு இன்றும் பேராலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அம்மையார் முனகிக் கிடந்த மாடி அறையில் ஹெஸ்டர் பிளம்லி பத்தொன்பது வருடமாகக் குடியிருந்தாள். அவளும் நாவல் எழுதுகிறவள்தான். நான்காவது நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அந்த ஜன்னலோரம் உட்காராவிட்டால் அவளுக்கு ஒரு வரி ஓடாது. அந்த நேரம் பார்த்துத்தான் பேராலயத்தின் ‘இலக்கியப் பாரம்பரியக் குழு’ கூடி, ஷெர்ரி ஒயின் அருந்தி, அறையை நினைவகமாக்க ஒருமனதாகத் தீர்மானித்தது.

ஹெஸ்டர் குழுத் தலைவரான பாதிரியார் டட்டனிடம் ஓடினாள்.

“நானும் எழுத்தாளர்தானே ஐயா? மூணு நாவல் வந்திருக்கு.”

“யாரும்மா இல்லேன்னாங்க? ஆனா நீங்க இன்னும்… உயிரோட இருக்கீங்களே!”

“அது என் தப்புதான்.”

“அவசரமில்ல. காலம் வரும்போது குழு கட்டாயம் பரிசீலிக்கும்.”

குழுவுக்கு இரக்கமும் உண்டு. சரிகைத் தொப்பி மாட்டிக்கொண்டு, பகலெல்லாம் அதே அறையில் ஆகஸ்டாவாக உட்கார்ந்து, மை தொடாத இறகுப் பேனாவால் எழுதுவதுபோல் பாவனை செய்யும் வேலையை அவளுக்கே கொடுத்தது. மற்ற நாற்காலிகளில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி, இப்படிப்பட்ட நினைவு வீடுகளின் வழக்கப்படி, நாற்காலிக்கு ஒன்றாகச் சொரசொரப்பான பைன் மரக் காய் வைத்தார்கள்.

ஜன்னல் கிடைத்ததே என்று ஹெஸ்டருக்குச் சந்தோஷம். சால்வைக்குள் ஒரு பென்சிலை ஒளித்துக்கொண்டு போனாள். ஆறு வாரத்தில் பாதி அத்தியாயம் முடிந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, லீட்ஸ் நகரத்திலிருந்து நினைவகம் பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி தடுப்புக் கயிற்றுக்கு மேல் எட்டிப் பார்த்து வீறிட்டாள்: “ஐயய்யோ, இந்தப் பொம்பள நிஜமாவே எழுதுது!”

உடனே குழு விசாரணைக்குக் கூப்பிட்டது.

“எழுதினீங்களாமே?”

“ஆமா. பாதி அத்தியாயம்.”

“நாலு பேர் வந்து போற இடத்துல இப்படியாம்மா நடந்துக்கிறது?”

“ஆகஸ்டா இங்க எழுதலையா?”

“ஒரு வரிகூட எழுதல! நாங்க ஆராய்ச்சி பண்ணியே வெச்சிருக்கோம்.”

தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஹெஸ்டர் ஆத்திரத்தில் அழுதுகொண்டே படியிறங்கினாள். அந்த அத்தியாயம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

இப்போது அவள் நாற்காலியிலும் ஒரு பைன் காய் இருக்கிறது. எதிர்க்கேள்வி கேட்பதில்லை. எழுதித் தொலைப்பதில்லை. உயிரும் கிடையாது. ஆல்டன்மின்ஸ்டர் இத்தனை காலம் தேடிய எழுத்தாளர் ஒருவழியாகக் கிடைத்துவிட்டார்.