கொட்டகையில் பியட்

எங்கள் வீட்டில் நிழல் என்றால் காருக்குத்தான். தகரக் கொட்டகைக்குள் பழைய பியட். வெட்டவெளி வெயிலில் பிரியாணி அண்டாவும் நானும். ஆர்டர் பிடிப்பது அவர், வேகிறது நான்.

கல்யாணமான வருஷம் வாங்கியது. "உன்னய செம்பட்டியிலேர்ந்து ராணி மாதிரி இதுலதானடி கூட்டியாந்தேன்" என்பார் என் வீட்டுக்காரர் நூர் அகமது. ராணி பாதி வழி இறங்கித் தள்ளியதைச் சொல்லமாட்டார்.

"மருதாணி வச்ச கைங்க" என்றேன் அன்று.

"காஞ்சிருச்சுல்ல? தள்ளு."

இந்த வருஷம் வெயிலில் இரண்டு தடவை மயங்கி விழுந்தேன். சமைக்கக் கொட்டகையைக் கேட்டேன். "பெயின்ட் வெளுத்துரும்" என்றார். என் தோல் கருத்தால் பரவாயில்லையாம்.

வெள்ளிக்கிழமை காலை அரிசி போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அப்பாஸிடம் உரக்கச் சொன்னேன். "இந்தக் காரு எங்க ஓடப்போகுது தம்பி? தெரு முக்கு தாண்டாது."

காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கையில் என் பழைய புடவை.

"யாரு சொன்னா? ஏலே அப்பாஸு, ஏறு! சின்னாளபட்டி போயிட்டு வருவோம்."

"பாய், எனக்கு வேலை கெடக்கு..."

"ஏறுலே!"

புகையைக் கக்கிக்கொண்டு கார் முக்கு திரும்பியது. நானும் மருமகள் தஹ்சீனும் கொட்டகைக்குள் அடுப்புக்குக் கல் கூட்டினோம். வளையங்களில் கம்பைக் கொடுத்து அண்டாவைத் தூக்கி வைத்தோம். மூடி மேல் நெருப்புக் கங்குகளை அள்ளிப் போட்டு தம் கட்டினோம்.

அரை மணி நேரத்தில் கார் வந்தது. பின்னால் அப்பாஸ் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அடியே! எடுடி அத!"

"தம்முல இருக்குங்க."

"இருந்தா?"

"தம் போட்ட அண்டாவ அசைச்சவன் வெளங்கமாட்டான்னு சமையக்காரங்க அம்புட்டுப் பேரையும் ஏசுனது யாரு?"

அவர் அப்பாஸைப் பார்த்தார். அப்பாஸ் வானத்தைப் பார்த்தார்.

"சரி, தம்மு எப்ப முடியும்?"

"இது முடியவும் அடுத்த அண்டா ஏறும். நீங்க பிடிச்ச ஆர்டர்தான்."

அப்பாஸ் நைசாக நழுவிவிட்டார். தெருவில் காய்ந்த காருக்குள் உட்கார்ந்து செத்த நேரம் முறைத்தார் இவர். பிறகு குரல் இறங்கியது.

"ஏ ஜெய்தூன், வேப்பமரத்தடிக்குத் தள்ளணும். ஒரு கை குடு."

மஞ்சளும் மிளகாயும் அப்பிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.

"மருதாணி இன்னும் காயலங்க."