இன்னொரு ஏரோப்ளேன் எங்கே?

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் அளந்து ஊற்றும்போது பாலைப் பார்க்க மாட்டேன், அவர் கட்டைவிரலைப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால்கூட என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஆனால் யாரையும் வாய் திறந்து கேட்டதில்லை. கூச்சம். சந்தேகமெல்லாம் உள்ளேயே கிடந்து புளிக்கும் (மாவாக இருந்தால் தோசைக்காவது ஆகியிருக்கும்). ஒரே ஒருமுறைதான் துணிந்து ஒருவரை நேருக்கு நேர் கேட்டேன். அதன் விளைவை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

1999-ஆம் வருடம். காளப்பநாயக்கன்பட்டியில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வயது இருபத்தொன்பது. இரண்டு வருடமாக வீட்டில் பெண் தேடினார்கள். பார்த்த இடத்திலெல்லாம் “பையன் வாயே தெறக்க மாட்டேங்கறானே” என்று தட்டிக் கழித்தார்கள். கடைசியாகச் சேந்தமங்கலம் பக்கம் ஒரு வரன் வந்தது. பெண் பெயர் சுமதி. போட்டோவில் பார்த்த அன்றே பிடித்துவிட்டது (இவ்வளவு லட்சணமான பெண்ணை எனக்கு எதற்குக் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகமும் கூடவே வந்தது). அவளுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் சொல்வதுதான் முடிவு. அவர் கொல்லிமலையில் ஓர் எஸ்டேட்டில் மேஸ்திரி என்று தரகர் சொன்னார்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையை விசாரிக்கப் பெண் வீட்டார் சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். எதிர்க் கடையில் டீ குடிப்பார்கள், வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வந்து பேச்சுக் கொடுப்பார்கள், ஆளை எடை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சுமதியின் மாமாவும் அப்படித்தான் வந்தார். இது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. நானும் அவரைச் சந்தேகப்படாமல் இல்லை. ஆனால் வேறு விஷயத்துக்குச் சந்தேகப்பட்டேன்.

ஒரு மத்தியானம் சாக்குமூட்டையோடு வந்து நின்றார். முகத்தில் பெரிய மீசை.

“ஏனுங்க தம்பி, இது ரேடியோங்களா?”

மூட்டையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். நீள ஏரியல், இரண்டு குச்சிக் கைப்பிடிகள். பின்னாலேயே ஒரு குட்டி என்ஜின், காற்றாடி, சக்கரம், நார்நாராகக் கிழிந்த துணியோடு இரண்டு நீள இறக்கைகள், மரத்தில் செய்த உடம்பு, கொஞ்சம் குச்சிகள்.

“பொம்மை ஏரோப்ளேன் மாதிரி இருக்குதுங்க” என்றேன்.

“பங்களா தொரை காலி பண்ணிட்டுப் போறப்ப எனக்குக் குடுத்துட்டுப் போனாருங்க. எங்க ஊட்டுல வெச்சு என்ன பண்றது? நீங்க எடுத்துக்கிட்டு ஒரு பழைய டேப் ரிக்கார்டு குடுங்க. செஞ்சு முடிச்சா நானும் வந்து பாக்கறேன்.”

இவ்வளவு விலையுள்ள பொருளை ஒரு பழைய டேப் ரிக்கார்டருக்கு ஏன் தருகிறார்? திருட்டுப் பொருளாக இருக்குமோ? கேட்க வாய் வரவில்லை. பெயரையும் எஸ்டேட் விலாசத்தையும் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன். பெயர் குப்புசாமி. மலை, எஸ்டேட், நடுத்தர வயது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ரேடியோ சம்பந்தப்பட்ட வேலையில் நான் சோடை போகவில்லை. துருப்பிடித்த பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். அறுந்த ஒயர்களுக்கு ஈயம் வைத்தேன். பெட்டியிலும் விமானத்துக்குள்ளும் இருந்த கிரிஸ்டல் துண்டுகளின் அலைவரிசை எண்களை ஒப்பிட்டேன், ஜோடி சரியாக இருந்தது. கைப்பிடியைத் தள்ளியதும் மேஜைக்கு அந்தப் பக்கம் கிடந்த வால் தானாக ஆடியது. பயத்தில் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தேன்.

இறக்கைகளுக்குத்தான் யோசனை தேவைப்பட்டது. உள்ளே பஞ்சு மாதிரி லேசான மரச் சட்டங்கள். உடைந்த இடங்களில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினேன். மேலே மெல்லிய துணியைச் சுற்றி, விறைப்பாக நிற்க ஜவ்வரிசிக் கஞ்சி போட்டேன். வேட்டி விறைப்பாக நிற்கிறதே, இறக்கை நிற்காதா? நின்றது. தட்டினால் தப்பு மேளம் மாதிரி சத்தம் வந்தது.

பிறகு மாட்டிப் பார்த்தேன். ஓர் இறக்கை உடம்பின் அடியில், இரண்டு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டு, கனகச்சிதமாகப் பொருந்தியது. இன்னொன்று பொருந்தவே இல்லை. திருப்பி, கவிழ்த்து, தேய்த்தெல்லாம் பார்த்துவிட்டேன்.

காலண்டர் படத்தில் இருந்த விமானத்தைப் பார்த்தேன். பக்கத்துக்கு ஓர் இறக்கை. எங்கள் ஊருக்கு மேலே போகும் விமானத்தையும் வெளியே ஓடி வந்து பார்த்தேன். அதற்கும் அப்படித்தான். உடனே விளங்கிவிட்டது. இது இரண்டு விமானங்களின் இறக்கை! துரை இரண்டு விமானம் கொடுத்திருக்கிறார். மீசைக்காரர் நல்லதாக ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு, அவசரத்தில் அதன் இறக்கையை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார். (உடம்பின் மேல் பக்கம் நான்கு துளைகள் இருந்தன. எலி கடித்தது என்று முடிவு செய்திருந்தேன். எந்த எலி சதுரமாகக் கடிக்கும் என்று யோசிக்கவில்லை.)

இரண்டு நாள் கண்ணாடி முன்னால் பேசிப் பழகினேன். மூன்றாம் நாள் பொருந்தாத இறக்கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மலை பஸ் ஏறினேன்.

“நீட்டமா என்னுங்க அது? துப்பாக்கிங்களா?” என்றார் கண்டக்டர்.

“றெக்கைங்க.”

“எதோட றெக்கை?”

“அதத்தான் கேக்கப் போறேனுங்க.”

அதன்பின் அவர் என் பக்கமே வரவில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஈரம் பட்டதும் கஞ்சி இளகத் தொடங்கியது. செம்மேட்டில் இறங்கியபோது இறக்கை பாதி துண்டோடும் மீதி என் சட்டையோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் என்ன? சாட்சிப் பொருள்தானே.

குப்புசாமி வீட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவரும் ஓர் அம்மாவும் அதைக் கைகளால் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க தம்பி!” என்று எழுந்தார். அந்த அம்மாவைப் பார்த்து அவர் கண்ணைக் காட்டியதையும் நான் கவனித்தேன். கூட்டுக் களவாணிகள் என்று குறித்துக்கொண்டேன்.

பழகிய வார்த்தைகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. “இன்னொரு ஏரோப்ளேன் எங்கீங்க? எனக்கு எல்லாம் தெரியுமுங்க. றெக்கை ரெண்டு இருக்குது, ஒடம்பு ஒண்ணுதான் இருக்குது. வாய் பேசாதவன்னு ஏமாத்தப் பாக்காதீங்க. மரியாதையாக் குடுத்துடுங்க, இல்லாட்டி ஸ்டேசனுக்குப் போவேனுங்க!” என்று சொல்லி இறக்கையை ஓங்கினேன். அது நனைந்த முருங்கைக்காய் மாதிரி நடுவில் மடங்கித் தொங்கியது.

உள்ளேயிருந்து கலகலவென்று ஒரு சிரிப்பு. திரும்பினேன். கதவோரம் ஒரு பெண். எங்கோ பார்த்த முகம். எங்கே பார்த்தேன்? என் சட்டைப் பையில் இருந்த போட்டோவில். சரியாக அந்த இடத்தின் மேல்தான் கஞ்சி ஒட்டியிருந்தது.

அந்த நொடியில் மலை, மீசை, மேஸ்திரி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

குப்புசாமி உள்ளே போய், கண்ணாடி போட்ட ஒரு போட்டோவை எடுத்து வந்தார். துரை சிரித்தபடி அதே விமானத்தைக் கையில் பிடித்திருந்தார். கீழே ஓர் இறக்கை. மேலே மாடி கட்டியதுபோல் இன்னோர் இறக்கை. இரண்டுக்கும் நடுவில் தூண் மாதிரி குச்சிகள்.

“அந்தக் குச்சியெல்லாம் எங்க தம்பி?”

“ஊதுபத்தி சொருகி வெச்சிருக்கேனுங்க” என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அந்த அம்மா எழுந்தார். அவர்தான் சுமதியின் அம்மா, மிளகு வேலைக்காக மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று சொல்லாமலே தெரிந்தது. “அண்ணா, இது வேண்டாமுங்க. ஒரு பொம்மைக்கே இப்படிச் சந்தேகப்படறவரு நாளைக்கு நம்ம புள்ளையச் சும்மா வுடுவாரா? தெனமும் எங்க போன, யாருகிட்டப் பேசினேன்னு கேட்டே கொன்னுடுவாரு.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மிளகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டைப் பையில் இருக்கும் போட்டோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, கஞ்சியோடு எப்படிக் கொடுப்பது என்பதுதான் அப்போது என் கவலை.

மாமா மீசையைத் தடவினார். “நீ என்ன கண்ணு சொல்ற?” என்று கதவுப் பக்கம் கேட்டார்.

சுமதி சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். “சந்தேகத்த மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டிருந்தா நானும் பயப்படுவேன் மாமா. இவரு பஸ் ஏறி வந்து மூஞ்சிக்கு நேரா கேட்டாரில்ல? தப்புன்னு காமிச்சதும் தலையக் குனிஞ்சுட்டாரு. நீங்க மட்டும் என்னவாம்? யாருன்னு சொல்லாமத்தான அவரு கடைக்குப் போய் நின்னீங்க?”

மாமா மீசையிலிருந்து கையை எடுத்தார்.

“ரெண்டு றெக்கையையும் மாட்டி எடுத்துட்டு வரச் சொல்லு. அப்புறம் பேசலாம்” என்றார்.

ஒரே வாரத்தில் மாட்டிக் கொண்டுபோனேன். இம்முறை கஞ்சிக்கு மேலே வார்னிஷ் அடித்திருந்தேன். விமானம் பறக்கவில்லை. அந்த என்ஜினுக்கு என்ன எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பெட்டியைச் சுமதி கையில் கொடுத்தேன். அவள் கைப்பிடியைத் தள்ளியதும் வால் ஆடியது. அவள் அம்மா முதல்முறையாகச் சிரித்தார். தை மாதம் முகூர்த்தம்.

கல்யாணத்தன்று பெண்ணைக் கையில் பிடித்துக் கொடுக்கும்போது, மண்டபத்துக்கே கேட்கும்படி மாமா சொன்னார்: “பொண்ணு ஒண்ணுதானுங்க மாப்ள. இன்னொண்ண ஒளிச்சு வெக்கலீங்க.” ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எதை எண்ணினாலும் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. முதல் குழந்தை பிறந்தபோது மாமா ஆஸ்பத்திரிக்கே எஸ்.டி.டி.யில் கூப்பிட்டார். “ஒண்ணுதானா மாப்ள? நல்லாப் பாருங்க. ஆஸ்பத்திரிக்காரங்க எதையும் செய்வாங்க.”

நானும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன். பிறகு வார்டுக்குள் போய், சுமதி தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, மெதுவாகக் குனிந்து கட்டிலுக்கு அடியில் ஒருமுறை பார்த்தேன்.

அவள் தூங்கவில்லை.