அனீசாவுக்கு ஒரு கல்

பரிசு வாங்கத் தெரியாதவன் பேசாமல் மொய்க் கவரை நீட்டிவிட்டு வர வேண்டும். இது எனக்குப் புரிவதற்குள் ஒரு கருங்கல்லைப் பேருந்தில் சுமந்து முடித்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியிலிருந்து கடற்கரைப் பக்கத்து அணு ஆராய்ச்சி அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தவன் நான். செங்கல்பட்டில் ரபீக் பாய் வீட்டு மாடியில் ஒற்றை அறை. எல்லோருக்கும் நான் 'சார்'. மாரியப்பன் என்ற என் பெயரை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே வாரங்கள் போகும். பேச்சு மறந்துவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பேன். (யாரோ என்னைப் பார்க்க வந்திருப்பதாக நினைத்து, பாயின் மனைவி ஷகீலா இரண்டு டீ கொடுத்தனுப்புவார். இரண்டையும் நானே குடிப்பேன்.)

அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் பெயர் வைக்கும் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஊரை விட்டு வந்த பிறகு எனக்கு வந்த முதல் விசேஷ அழைப்பு அது.

"என்ன பேரு பாய்?"

"அனீசா. அரபிப் பேரு சார். அனீஸ்னா தோஸ்து, அதோட பொம்பளப் பேரு இது. கூடவே குந்திப் பேசிகினு, தனியா கீறோம்ன்ற நெனப்பே வராம பாத்துக்குறவ."

"அபூர்வமான பேரு."

"நீங்க வேற! எங்க தெருவுலயே மூணு கீது. பெரிய அனீசா, டைலர் அனீசா, பல்லு அனீசா. ஒரு தபா கூப்ட்டா மூணு பேரும் திரும்புவாங்க."

எங்கள் ஊர் மாரியப்பன்களும் அப்படித்தான். ஆனால் அந்த அர்த்தம் என்னை விடவில்லை. மாடியில் ஒருவன் செய்தித்தாளோடு பேசிக்கொண்டிருக்க, கீழே அப்படியொரு பெயர் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

மாமல்லபுரத்துக் கல்பட்டறைக்குப் போனேன். கறுப்புக் கல்லில் பெயர், பிறந்த தேதி, பெயரின் பொருள். மேலே மசூதி வாசல் போல ஒரு வளைவு வேண்டும் என்றேன். அடுத்த முறை போனபோது கல் தயார். வளைவு, பிறை, நடுவில் அனீசா, அடியில் 'தனிமை தீர்ப்பவள்'. இடப்பக்கம் 'தோற்றம்' என்று தேதி. வலப்பக்கம் வழுவழுவென்று காலி.

"இங்க ஏன் ஒண்ணும் எழுதல?"

"அது அப்டியே இருக்கட்டும் அண்ணாத்த. பின்னால தேவப்படும்" என்றார் பட்டறைக்காரர்.

என்ன தொலைநோக்கு என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

விருந்தன்று கல்லை வாசல் நாற்காலியில் சாய்த்து வைத்து, சாமந்தி மாலையும் போட்டேன். (ஊதுபத்தி வாங்க மறந்ததுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.) முதலில் வந்தவர் மதுராந்தகத்துப் பெரியப்பா, பாயின் சொந்தம். கல்லைப் பார்த்தார். கண்ணை மூடி, சாவுச் செய்திக்குச் சொல்லும் வார்த்தைகளை முணுமுணுத்தார். பிறகு என் தோளைத் தொட்டார்.

"அடக்கம் எத்தினி மணிக்கு தம்பி?"

அப்போதுதான் நானும் அந்தக் கல்லை ஒழுங்காகப் பார்த்தேன். குழந்தையோடு வாசலுக்கு வந்த ஷகீலா, அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தார். கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நான் மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பேச இருந்த ஒரே வீட்டையும் தொலைத்துவிட்டேன். கீழிருந்து பிரியாணி வாசனை வர வர அழுகை வந்தது. அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினேன்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ரபீக் பாய், கையில் பிரியாணித் தட்டு.

"செம பேஜாரு பண்ணிட்டீங்க சார். பெரியப்பா இன்னும் நம்பல. கொழந்த மூக்காண்ட கை வெச்சிப் பாத்துகினே கீறாரு."

"ஷகீலா அக்கா?"

"மொதல்ல அழுதா. இப்போ சிரிச்சி சிரிச்சி வயித்த புடிச்சிகினு கீறா. கீய வாங்க."

கல், மாடிப்படியடியில் இரண்டு ஹாலோபிளாக் மேல் பெஞ்சாகிவிட்டது. அனீசா பேசத் தொடங்கிய பிறகு, வேலை முடிந்து வந்ததும் அவளும் நானும் அதில்தான் உட்காருவோம். பெயரைக் காப்பாற்றினாள், வாயை மூடவே மாட்டாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு, எழுதப் பழகிய புதிதில் ஒரு மாலை, காலியிடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மாமா, இங்க இன்னா எழுதணும்?"

எனக்கு வரும் கடிதங்களை, உறைமேல் இருக்கும் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தபடி மாடிக்குக் கொண்டு வருபவள் அவள்தான். சாக்பீஸை எடுத்து நிதானமாக எழுதினாள்: மாரியப்பன்.

"அவ்ளோதான் சார், உங்க கத முடிஞ்சிது!" என்று ரபீக் பாய் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மழையில் அழிந்தபோதெல்லாம் அவள் மறுபடி எழுதினாள்.

நான் வேறு வீடு மாறிப் பல காலம் ஆகிறது. இன்றும் அந்த வீட்டில் எந்த விசேஷமென்றாலும் அனீசாவிடமிருந்து முதல் போன் எனக்குத்தான் வரும்.

"மாரியப்பன் மாமா, கண்டிப்பா வரணும். ஆனா வெறுங்கையோட வாங்க."