குதிரைப் பலிக்குப் பத்துக்கு இரண்டு

தம்போய்,
சனிக்கிழமை.

அன்புள்ள மச்சான் ரோலண்டுக்கு,

ஆண்டவர் தயவில் உங்கள் அக்காள் கெர்ட்ரூட்டும் நானும் சுகம். சுகம் என்பது உடம்புக்கு மட்டும். நீங்கள் என்னோடு சதுரங்கம் ஆட வருவதை நிறுத்தியதிலிருந்து அவள் மீன்கறி வைப்பதை நிறுத்திவிட்டாள். "என் தம்பிய ஊர் சிரிக்க வச்சிட்டு உங்களுக்கு மீன் கேக்குதா?" என்கிறாள். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராகக் காலம் தள்ளியவன். எதைக் கண்டாலும் கை சிவப்புப் பேனாவைத் தேடும். அன்று தேவாலய மண்டபத்தில் நீங்கள் என்னிடம் தோற்ற ஆட்டத்தை, மகன் பிராண்டன் கணினியில் போட்டுக் கொடுத்த, ஆட்டங்களை அலசிப் பிழை சொல்லும் செஸ் எஞ்சினிடம் காட்டினேன். ஏழாவது நகர்த்தலிலேயே குதிரையைப் பலி கொடுத்து என் ராஜாவை வெளியே இழுத்தீர்களே, அது பெரும் பிழை என்றது. இத்தகைய தொடக்கங்கள், சாயங்காலத்தில் ஃபேக்டரி பஸ்களுக்கு நடுவே சாலையைக் கடப்பது போன்றவை. பாதியில் நின்று சட்டையைச் சரிசெய்ய முடியாது. நமக்கு எதிரே வரும் பஸ் மட்டும் தெரியும். எஞ்சினுக்கோ தூரத்துக் கூலாய் ஊரில் இன்னும் கிளம்பாத பஸ்ஸும் தெரியும். எல்லாரும் கற்றுக்கொள்ளட்டுமே என்று, "முயற்சி பாராட்டத்தக்கது, கவனம் போதாது, பத்துக்கு இரண்டு" என எழுதி மண்டபப் பலகையில் ஒட்டினேன். பூசைக்கு வருகிறவர்களும் வாசிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கோப்பிக் கடையில் நம் குணாளன், "ரோலண்ட், டியூஷனுக்குப் போலாம்லா" என்று சொல்ல, நீங்கள் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனீர்களாம். அவரைத் தேடிப்போய்க் கண்டித்தேன். "நீங்க போட்ட மார்க்கத்தான சார் நான் சொன்னேன்" என்றார்.

தாளைக் கிழித்துவிட்டேன். எஞ்சினை அழித்துவிடும்படி பிராண்டனிடமும் சொல்லிவிட்டேன். நம் இருவர் ஆட்டத்துக்கு மூன்றாம் ஆள் எதற்கு? நீங்கள் தப்பாகக் குதிரையைக் கொடுங்கள், நான் தப்பாக வெட்டுகிறேன். இப்போது நானே இரண்டு பக்கமும் ஆடிப் பார்க்கிறேன். எதிரில் இருப்பவர் பேசுவதே இல்லை. அடுத்த சனிக்கிழமை அவசியம் வாருங்கள்.

மாதா உங்களையும் ஜாக்லினையும் பிள்ளைகளையும் தம் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அன்புடன்,
அத்தான் பெனடிக்ட்

பி.கு.: பிராண்டன் வரும்வரை எஞ்சின் சும்மா இருப்பானேன் என்று, அதே ஆட்டத்தை மறுபடி அதில் ஓடவிட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பி வந்தால், அது மனம் மாறியிருந்தது. அவசரமாகப் பார்த்தால்தான் பிழையாம். நிதானமாக யோசித்தால் உங்கள் குதிரைப் பலி அருமையாம். நீங்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு எனக்குக் கை கொடுத்தபோது, ஜெயித்துக்கொண்டிருந்தது நீங்களாம். நியாயம் என்று ஒன்று இருக்கிறது மச்சான். பத்துக்கு ஒன்பது போட்டு, "ஜெயித்த ஆட்டத்தை அறியாமல் விட்டுக்கொடுத்ததால் ஒரு மதிப்பெண் குறைவு" என விளக்கமும் எழுதி, புதிய தாளை இப்போதுதான் பலகையில் ஒட்டிவிட்டு வந்தேன். கொட்டை எழுத்தில். நாளை பூசைக்கு வருகிற யார் கண்ணிலும் படாமல் போகாது.