உயரம் மட்டும் எங்கள் பிரிவு

பலூனை ஏற்றி வெகு நேரமாகியும் ஊரில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் ஆலையின் மதிலோரம் நின்று சாலையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் போனவர்கள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன தாய்மார்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு நாய் மட்டும் அண்ணாந்து பார்த்தது. குரைக்கலாமா என்று சற்று யோசித்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்பதுபோல் படுத்துக்கொண்டது.

"நாய் ஆட்சேபணை சொன்னா கணக்குல சேருமா மேடம்?" என்று கேட்டார் பலூன்காரர். கயிறு சுற்றிய இரும்பு உருளைக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார் அவர்.

அவள் நகரமைப்பு அலுவலகத்தில் உதவியாளர். அந்தப் பகுதியில் நான்கு மாடியைத் தாண்டி எதைக் கட்டுவதானாலும் ஒரு விதி உண்டு. கட்டப்போகும் இடத்தில், கட்டப்போகும் உயரத்துக்கு, ஒரு பலூனைக் கயிறு கட்டிப் பறக்கவிட வேண்டும். ஒரு வாரம் அது அங்கேயே நிற்கும். பார்த்துப் பிடிக்காதவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்து ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்க ஆளில்லை என்றால் அனுமதி தானாகக் கிடைத்துவிடும். இந்த முறை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒரு புதிய புகைபோக்கி கேட்டிருந்தது. பழைய புகைபோக்கி அதன் இடுப்புக்குக்கூட வராது.

அவளுக்கு அந்தப் புகைபோக்கி வேண்டாம். ஆனால் அதை அவளால் சொல்ல முடியாது. பலூன் விடுகிற அலுவலர் ஆட்சேபணை சொல்லக் கூடாது என்பதும் விதிதான்.

அவள் வீட்டுப் பின்பக்கத்து பால்கனியில் நின்றால், எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சந்து அளவுக்கு வானம் தெரியும். வேறெதுவும் தெரியாது. துணி உலர்த்தும் சாக்கில் அவள் தினமும் அங்கே போய் நிற்பாள். கிளிப்பு மாட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். வீட்டில் மற்ற இடமெல்லாம் யாராவது ஒருவருக்குச் சொந்தம். கூடம் வீட்டுக்காரருடையது, அடுப்படி நாத்தனாருடையது, படுக்கையறை அலுப்பினுடையது. அந்தச் சந்து வானம் மட்டும் யாருக்கும் தேவைப்படாததால் அவளுக்குக் கிடைத்திருந்தது. இன்று காலை பலூன் மிகச் சரியாக அதற்குள் வந்து நின்றது, வாயில் விரலை வைத்து யாரோ அவளை அடக்குவதுபோல.

அவள் அடங்கியே பழகியவள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அவள் எதற்காவது எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறாள். கொடியில் காயும் வெள்ளைத் துணியிலெல்லாம் கரி விழுகிறதென்று, மூன்று நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து, ஆலைக்குத் தொலைபேசியில் பேசினாள். பேரைச் சொல்லவில்லை. பதில் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார்தான் அதை விடவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

"'உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா கொஞ்சம் பாருங்க'ன்னு சொல்றா. புகார் சொல்றாளா, பொண்ணு கேக்கறாளான்னு அவனுக்கே புரிஞ்சிருக்காது."

ஆக, இப்போது ஊர்தான் ஆட்சேபிக்க வேண்டும். ஊரோ குனிந்து போய்க்கொண்டிருந்தது.

"வானத்து நிறத்துலயே பலூன் இருந்தா எவனுக்குத் தெரியும்?" என்றார் பலூன்காரர். "நீல நிறம் ஆலைக்காரங்க கேட்டு வாங்கினது மேடம். நான் என்ன பண்ண?"

அந்த ஆலைக்காரர் அப்போதுதான் வந்தார். இளம் பொறியாளர். தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே சாப்பிடுவார், தூங்குவார் என்று பேச்சு. பார்க்க வருத்தமான முகம். யாராவது தன்னிடம் உட்கார்ந்து பேச மாட்டார்களா என்று ஏங்கும் முகம்.

"இந்த உயரத்துக்குப் பின்னாடி ஒரு கதையே இருக்கு மேடம்," என்று ஆரம்பித்தார்.

"காரணம் எங்க பிரிவு இல்ல சார்," என்றாள் அவள். "அது மேல் மாடி. உயரம் மட்டும்தான் எங்க பிரிவு."

அது உண்மைதான். விண்ணப்பம் வந்ததும் எதற்கு என்ற பக்கங்களையெல்லாம் கிழித்து மேல் மாடிக்கு அனுப்பிவிடுவார்கள்; எவ்வளவு என்ற பக்கம் மட்டும் அவளிடம் வரும். இருந்தாலும் அவள் அப்படிச் சொன்னது விதிக்காக அல்ல. அவர் நல்லவராகத் தெரிந்தார். கதை கேட்டால் மனம் இளகிவிடும். அவளுக்குத் தன் மனதைப் பற்றித் தெரியும். எந்தப் பக்கம் கடைசியாகப் பேசியதோ அந்தப் பக்கம் சாயும் மனம் அது.

நிறம்தானே குறை என்று, வேறு நிறப் பலூன் கொண்டுவரச் சொன்னாள். பலூன்காரரிடம் வேறு ஒன்றுதான் இருந்தது. வெள்ளையில் சிவப்பு எழுத்து. ஒரு ஜவுளிக்கடைக்காகச் செய்தது. மறுநாள் ஆலைக்கு மேலே, ஊர் முழுக்கத் தெரியும்படி, 'மாபெரும் திறப்பு விழா' என்று அது மிதந்தது.

ஊர் நிமிர்ந்து பார்த்தது. மதியத்துக்குள் ஆலை வாசலில் பைகளோடு கூட்டம். முதலில் வருகிறவர்களுக்கு என்ன தருவார்கள் என்று காவலாளியிடம் கேட்டார்கள். எண்ணெய் ஆலைதானே, எண்ணெயாவது தர மாட்டீர்களா என்று ஒரு பெரியவர் கேனோடு நின்றார். பொறியாளர் வெளியே வந்து கைகூப்பினார். அவர்தான் முதலாளி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அவள் வீடு வீடாகப் போய் அது கடையில்லை, புகைபோக்கி என்று சொன்னாள். பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைத்தது. அப்போ கடை எப்போ வரும்? புகைபோக்கி வந்தால் அந்தப் பக்கம் நாலு ஆள் நடமாட்டம் வரும், பின்னாலேயே கடையும் வரும் என்று முடிவு கட்டினார்கள். கூட்டத்துக்கு வந்து ஆதரவு தெரிவிப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்கள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிட்டது. தானே பேசிப் பேசித் தன் வானத்துக்குத் தானே மூடி போடுகிறோம் என்று தோன்றியது அவளுக்கு. படியிறங்கும்போது கண் கலங்கியது. அதற்கும் ஆலைப் புகையைக் காரணம் சொல்லிக்கொண்டாள்.

கடைசி முயற்சியாக, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்றை அலுவலகச் செலவில் அனுப்பினாள். அறிவிப்பை அவளே எழுதினாள். சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருக்க வேண்டுமென்று பல முறை அடித்து அடித்து எழுதினாள். 'பலூனுக்கு நேர் கீழே ராட்சதப் புகைபோக்கி அமையவிருக்கிறது.'

அன்று காற்று எழும்பியது.

"பலூன் சாயுது மேடம்," என்று பலூன்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சாஞ்சா உயரம் குறையுது."

உயரம் மட்டும்தான் அவள் பிரிவு. குறையக் கூடாது. "கயித்த இன்னும் விடுங்க," என்றாள்.

"விட்டா எங்க போகும்னு தெரியாது."

"எங்க போனாலும் பரவாயில்ல. உயரம் சரியா இருக்கணும்."

அவள் வீடு திரும்பியபோது தெருவில் இறங்கி எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். மதிலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, பலூன் அவள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே வந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டோ அந்த நேரம் பார்த்துத் தெருவைச் சுற்றி வந்து, நேர் கீழே, நேர் கீழே என்று கத்தியது. வீட்டுக்காரர் கூடத்தில் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டு, அங்கிருந்தபடியே தொலைக்காட்சி பார்த்தார். மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்த நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. குடியிருப்போர் சங்கத்துக்கு நாத்தனார்தான் செயலாளர்.

"உனக்குத் தெரியுமா இது?" என்று கேட்டாள்.

"காத்துல சாஞ்சிருக்கு அண்ணி. அது ஆலைக்குள்ளதான்..."

"நீ பேசாத. நம்ம வீட்டுத் தலையில கொண்டாந்து நட்டா, அதையும் 'தொந்தரவு இல்லேன்னா கொஞ்சம் தள்ளி நடுங்க'ன்னுதான் சொல்லுவ நீ. நான் பாத்துக்கறேன்."

அவள் பேசவில்லை. இதற்கு முன் எத்தனையோ முறை அவளை அப்படி அடக்கியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று சுருங்கும். இன்று சுருங்கவில்லை. உள்ளே யாரோ ஒருத்தி மெல்லக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

கூட்டம் நகரமன்றக் கூடத்தில் நடந்தது. மின்விசிறிகள் இருந்தன, சுற்றவில்லை. கடை கேட்டு வந்தவர்கள் இரண்டு வரிசை. மீதி முழுவதும் நாத்தனாரின் படை. பொறியாளர் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது இல்லாமல் அவர் இன்னும் சிறியவராகத் தெரிந்தார். முறை வந்ததும் எழுந்து ஒரு படத்தை விரித்தார்.

"இவ்வளவு உயரம் எதுக்குன்னா..."

"எதுக்குன்னு இங்க யாரும் கேக்கல தம்பி," என்றாள் நாத்தனார். "எங்க தலைக்கு மேல எதுக்குன்னுதான் கேக்கறோம்."

"உங்க தலைக்கு மேல இல்லம்மா. ஆலைக்குள்ளதான்."

"அப்ப பலூன் பொய் சொல்லுதா? பலூன் விட்டது சர்க்கார். சர்க்கார் பொய் சொல்லுதா?"

கூடம் கொந்தளித்தது. பொறியாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் கடைசியில் அவளிடம் வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும். காற்று, என்று சொன்னால் போதும். அந்த அறையில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். சொல்ல வேண்டியதும் அவள் கடமைதான்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். இத்தனை வருடம் பேசாமல் இருந்ததெல்லாம் பிறருக்காக. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தனக்காகப் பேசாமல் இருந்தால் என்ன? கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் வருவதற்குள் கூட்டத் தலைவர் தலைகளை எண்ணத் தொடங்கிவிட்டார். ஆட்சேபணைக்குக் காரணம் தேவையில்லை. எண்ணிக்கை மட்டும்தான் அவர் பிரிவு.

அனுமதி மறுக்கப்பட்டது. பொறியாளர் படத்தைச் சுருட்டி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, போகிற வழியில் அவளுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை பால்கனியில் நின்றாள். சந்து வானம் முழுதாகத் திரும்பக் கிடைத்திருந்தது. எப்போதும் போலப் புகை படிந்து மங்கலாக இருந்தது. ஜெயித்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையை உதறினாள். வழக்கம்போல் கரித் துகள் பறந்து அவள் முகத்திலேயே படிந்தது. துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆலை மதிலோரம் பலூன் காற்று இறங்கித் தரையில் பரந்து கிடந்தது. பலூன்காரர் ஈரத்துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையெல்லாம் கறுத்து, திறப்பு விழா என்ற எழுத்தே தெரியவில்லை.

"ஒரு வாரத்துல எவ்வளவு அழுக்கு பாத்தீங்களா?" என்றார். "கடைக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவளுக்கு ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. அலுவலகத்தில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று நாக்கு நுனியில் கிடந்தது. இனிக் கேட்டால் யார் மனமும் சாய்ந்து எதுவும் ஆகிவிடாது.

"அவங்களுக்கு அவ்வளவு உயரம் எதுக்கு?"

"இந்தக் கருமத்துக்குத்தான்," என்று கறுத்த துணியைத் தூக்கிக் காட்டினார். "இப்ப இருக்கற குழாய் குட்டை. புகையெல்லாம் ஊர் மேலயே எறங்குது. உசரமா வெச்சா மேலயே கலைஞ்சு போயிடுமாம். அந்தத் தம்பி டீ குடிக்கும்போதெல்லாம் இதத்தான் சொல்லும். மேலிடத்துல சண்ட போட்டு வாங்கின திட்டமாம். இனிமே காசு ஒதுக்க மாட்டாங்களாம்."

அவள் மதிலுக்கு மேலே தெரிந்த குட்டைப் புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தாள்.

பலூன்காரர் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தார். "பாவம் மேடம், யாரோ ஒரு அம்மா எப்பவோ ஃபோன் பண்ணி, 'துணியில கரி விழுது, உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா கொஞ்சம் பாருங்க'ன்னு சொன்னாங்களாம், இவ்வளவு மரியாதையா கேட்ட ஒருத்தங்களுக்காவது செஞ்சு குடுத்துரணும்னுதான் அந்தத் தம்பி இத்தன நாளா அலைஞ்சுதாம்."