வரவிருக்கும் நிகழ்ச்சிக்காரர்

உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகப்படுத்த வேண்டும். அபூர்வமான இனம் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார வேண்டாம்; உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வரவிருக்கும் நிகழ்ச்சிக்காரர்'. காரியம் செய்கிறவர்களை நமக்குத் தெரியும். செய்யாமல் தூங்குகிறவர்களையும் தெரியும். இவர் இரண்டிலும் சேரமாட்டார். செய்யப்போவதை அறிவிப்பார். அழகாக அறிவிப்பார், அடிக்கடி அறிவிப்பார், போன தடவை அறிவித்ததைத் திருத்தி மெருகேற்றி இன்னொரு தடவை அறிவிப்பார். கேட்கிறவருக்கு அந்தக் காரியம் நடந்து முடிந்து பாராட்டு விழாவும் ஆகிவிட்ட மாதிரி ஒரு நிறைவு வந்துவிடும். அந்த நிறைவு முதலில் அவருக்கே வந்துவிடுவதுதான் கோளாறு.

அடையாளம் காண்பது சுலபம். கையில் ஒரு ஃபைல் இருக்கும். பேச்சில் எதிர்காலம் மட்டும் இருக்கும். "எப்பண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பல் டாக்டரைப் பார்த்த மாதிரி முகம் சுருங்கும். "அதுக்கு ஜனங்களைப் பக்குவப்படுத்தணும் சார்" என்பார். நீங்கள்தான் அந்த ஜனம். இன்னும் பக்குவப்படவில்லை.

மாடி எடுக்கப்போகிறவர், ஹிந்தி படிக்கப்போகிறவர், வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து வாக்கிங் போகப்போகிறவர் எல்லாம் இதில் சிறு வகை. முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 2008-இல், வில்லாபுரத்தில்.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் சமுதாய வானொலி ஆரம்பித்திருந்தது. மாடியில் ஓர் அறை, எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை, மொட்டை மாடியில் ஒரு கம்பம். அவனியாபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சத்தம் கரகரத்துக் காணாமல் போய்விடும். அங்கே தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு, எந்தத் தெருவில் எத்தனை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் என்று வாசித்தவன் நான். தற்பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த நிலையத்தில் அதிகம் பேர் கேட்ட குரல் என்னுடையதுதான். காதல் பாட்டுக்குக் கண் அயர்ந்தவர்கள் எனக்கு எழுந்து உட்காருவார்கள்.

எனக்கு முந்தின ஒலிபரப்பு நேரம் வெங்கடேஷ்பாபுவுடையது. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. வீட்டில் சௌராஷ்டிரம், ஆபீஸில் தமிழ், மைக் முன்னால் மட்டும் தேன் தடவிய ஒரு தனித் தமிழ். தங்கச்சி மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுத்த ஜாஸ் சிடிக்கள் அவரிடம் நாற்பத்து மூன்று இருந்தன. அதற்கு மேல் உலக இசை, அதற்கும் மேல் ஓவியம், நாட்டியம். எல்லாவற்றையும் வில்லாபுரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்று தீர்மானித்து, 'எட்டுத் திசை' என்று ஒரு நிகழ்ச்சிக்குத் திட்டம் போட்டார். நிலையப் பொறுப்பாளர் ஸ்ரீலட்சுமி நல்ல பெண். நல்லவர்களுக்கு உரிய முறையில் உடனே ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓவியத்தை ரேடியோல எப்படி சார் காட்டுவீங்க?"

"அதாம்மா சவாலே!" என்றார் வெங்கடேஷ்பாபு. அந்தச் சவாலைப் பற்றியும் பிறகு ஓர் அறிவிப்பு செய்தார்.

ஜூன் மாதம் முதல் விளம்பரம் ஒலித்தது. நாற்பது விநாடி. அதில் பதினோரு விநாடி ஒரு டிரம்பெட். அதன்மேல் அவர் குரல்: "கடல்கள் கடந்து ஓர் இசை உங்கள் வாசலுக்கு வரவிருக்கிறது. காத்திருங்கள்." நன்றாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் இரண்டாவது விளம்பரம், இன்னும் நன்றாக. தீபாவளிக்கு மூன்றாவது. ஆப்பிரிக்க முரசு வரவிருந்தது, கியூபா வரவிருந்தது, போர்த்துக்கல் நாட்டுச் சோகப் பாட்டு வரவிருந்தது. பொங்கலுக்குப் புது விளம்பரம் வரவிருக்கிறது என்பதற்கே ஒரு விளம்பரம் வந்தது. நிலையத்து வாசல் பலகையில் எட்டு மாதம் அழியாமல் இருந்த எழுத்து 'எட்டுத் திசை' மட்டும்தான். எங்கள் டெக்னீஷியன் பரீத் பாய் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அண்ணே, இம்புட்டு விளம்பரத்தையும் ஒட்டிப் போட்டாலே அரை மணி நேர நிகழ்ச்சி வந்துரும்."

யார் காத்திருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? யாரும் இல்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம். வெங்கடேஷ்பாபுவும் உள்ளூர அப்படித்தான் நம்பியிருப்பார். அந்தத் தைரியத்தில்தானே அவ்வளவு அறிவிப்பும்!

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாடிப்படி ஏறி ஓர் ஆள் வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் காளை. ஜெயக்கொடி என்பவர் நடத்தும் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறவர்; கல்யாண ஊர்வலம், சாமி ஊர்வலம், கடைசி ஊர்வலம் மூன்றுக்கும் போவார். தண்ணீர் நேரம் கேட்பதற்காக அவர் வீட்டில் ரேடியோவைத் திறந்து வைப்பார்கள். எனக்கு முன்னால் அந்தப் பதினோரு விநாடி ஒலிக்கும்.

"அண்ணே, அந்த ஊதுறவன் யாருண்ணே?" என்றார் காளை.

வெங்கடேஷ்பாபுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எட்டு மாதத்தில் கிடைத்த முதல் ரசிகர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ சொல்லி, ஜாஸ் என்றால் என்ன, அது பிறந்த ஊர் எது, அந்த ஊரில் ஓடும் ஆறு எவ்வளவு நீளம் என்று ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். காளை கேட்டுக்கொண்டிருந்தார். டீ ஆறியது. ஆறு முடியவில்லை.

கடைசியில் காளை மெதுவாகச் சொன்னார்: "அதெல்லாம் சரிண்ணே. அவன் மேல ஏறுறான். ஏறி ஏறி ஒரு எடத்துல போயி நிக்கிறான். இப்ப எறங்கணும்ல? எறங்குறதுக்குள்ள நீங்க வந்து 'காத்திருங்கள்'ங்கிறீங்க. எட்டு மாசமா அவன் மேலயே நிக்கிறாண்ணே."

பரீத் பாய் வாயைப் பொத்திக்கொண்டார். காளை சிரிக்கவில்லை. போன வாரம் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் அந்த இடத்துக்குத் தானே ஏறிப் பார்த்தாராம். ஏறிவிட்டார், இறங்க வழி தெரியவில்லை. டிரம்ஸ் அடித்தவர்கள் தாளம் தவறினார்கள், ஊர்வலம் நின்றது, மாப்பிள்ளை காரிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஊர்வலத்துக்கு வந்தியா, பரீட்ச எழுத வந்தியா?" என்று ஜெயக்கொடி ரோட்டிலேயே கத்தியிருக்கிறார். "சோறு எறங்கலண்ணே," என்றார் காளை. "அவன் எப்படி எறங்குறான்னு மட்டும் போட்டுக் காமிங்க. நான் போயிர்றேன்."

சிடி மேசைமேல் இருந்தது. பிளேயர் பக்கத்தில் இருந்தது. அப்படியெல்லாம் போட்டுக் காட்டிவிட்டால் இந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

"அவசரப்படக் கூடாது காளை. ஒரு முன்னுரையோட கேக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஒலிபரப்புறோம்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேதி கொடுத்துவிட்டார். காளை கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரிய முகூர்த்த நாள். திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்கு வயிற்று வலி என்று சொல்லி அனுப்பிவிட்டுக் காளை ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார். இங்கே வெங்கடேஷ்பாபு புது ஜிப்பாவில் வந்தார். ரேடியோவுக்கு எதற்கு ஜிப்பா என்று கேட்காதீர்கள். கையில் இருபத்திரண்டு பக்க முன்னுரை.

பதினோரு மணிக்கு ஆரம்பித்தார். மனிதன் முதன்முதலில் ஒலியைக் கேட்டதிலிருந்து ஆரம்பித்தார். பதினொன்று இருபதுக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்து சேர்ந்தார். பதினொன்றரைக்கும் கப்பல் கிளம்பவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பரீத் பாய் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அப்புறம் ஒரு தாளில் 'பாட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். வெங்கடேஷ்பாபு அதைப் படித்தார், புன்னகை செய்தார், தலையாட்டினார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பதினொன்று ஐம்பதுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். தங்கச்சி மகனுக்கு, நிலையத்துக்கு, நேயர்களின் பொறுமைக்கு. மணி பன்னிரண்டாக அரை நிமிடம் இருக்கும்போது, "இதோ..." என்றார்.

டிரம்பெட் ஏறியது. அவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். ஏறி, ஏறி, அந்த இடத்தில் போய் நின்றது. என் மைக் திறந்துவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த இசை மொத்தமே ஏழு நிமிடம்தான், பொறுத்திருக்கலாம். குடம் ஏழு நிமிடம் காத்திருக்கும். ஆனால் நான் வில்லாபுரத்திலேயே அதிகம் பேர் கேட்கும் குரல் அல்லவா? "வணக்கம். இன்றைய தண்ணீர் நேரம். முதல் தெரு, பிற்பகல் இரண்டு மணி முதல்..." என்று கணீரென்று வாசித்தேன்.

இருபது நிமிடத்தில் காளை சைக்கிளில் வந்து சேர்ந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"வாங்க காளை! எப்படி இருந்துச்சு?" என்றார் வெங்கடேஷ்பாபு. நிஜமாகவே ஆவலோடு கேட்டார்.

"நல்லா பேசுனீங்கண்ணே. அவன் எறங்குனானா?"

"அதான், அடுத்த வாரம் ரெண்டாம் பகுதி..."

"எனக்கு ஒரு கல்யாணம் போச்சுண்ணே," என்றார் காளை. சத்தம் போடவில்லை. "அடுத்த ஞாயிறும் முகூர்த்தம் இருக்கு. எத்தன வாட்டிண்ணே வயித்து வலின்னு சொல்றது?"

பரீத் பாய் எழுந்தார். "செத்த தள்ளுங்கண்ணே" என்று வெங்கடேஷ்பாபுவை விலக்கிவிட்டு, சிடியைப் போட்டு, ஒலிபெருக்கியைத் திருப்பிக் காளைக்கு நேரே வைத்தார்.

ஏறியது. நின்றது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது இறங்கவே இல்லை. நின்ற இடத்திலேயே லேசாகத் திரும்பி, யாரோ கூப்பிட்ட மாதிரி பக்கவாட்டில் போனது. பின்னாலிருந்து ஒரு பியானோ அதைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது. எங்கேயோ சுற்றிவிட்டு, நாங்கள் மறந்தே போன ஒரு நேரத்தில், சாவகாசமாகத் தரைக்கு வந்து சேர்ந்தது. "அடப்பாவி!" என்றார் காளை. கண் கலங்கியிருந்தது. "எறங்கவே வேணாம்னு இருந்திருக்கான்ணே!"

எல்லாரும் காளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தற்செயலாக வெங்கடேஷ்பாபுவைப் பார்த்தேன். அவர் வாய் திறந்திருந்தது. "இப்படியா போகுது..." என்றார், தனக்குள் சொல்வதுபோல. ஆனால் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

பரீத் பாய் திரும்பினார். "அண்ணே, நீங்க கேட்டதே இல்லையா?"

வெங்கடேஷ்பாபு ஜிப்பா நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாம், அவருக்குச் சொல்ல வராது. "விளம்பரத்துக்கு வேண்டிய அளவு கேட்டேன் பாய். இத்தன வருசமா ஜாஸ், ஜாஸ்னு பேசிட்டேன். முழுசாக் கேட்டு, எனக்குப் பிடிக்காமப் போயிருச்சுன்னா அப்புறம் நான் என்ன செய்யிறது?"

வாசகரே, இவரைக் கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன். இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கை வரவில்லை. காளை அவர் பக்கத்தில் போய், "பிடிச்சுச்சாண்ணே?" என்று கேட்டார். வெங்கடேஷ்பாபு தலையாட்டினார். "இன்னொருக்கா போடுங்க பாய்," என்றார்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீலட்சுமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: முன்னுரை இரண்டு நிமிடம், அதற்கு மேல் ஒரு விநாடி கிடையாது. வெங்கடேஷ்பாபு மைக் முன்னால் உட்கார்ந்தார். தாளைப் பிரித்தார், மடித்தார். "கேளுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஜாஸ் ஒலித்தது. பதினான்கு பேர் போன் செய்தார்கள். ஐந்து பேர் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள், இரண்டு பேர் சினிமாப் பாட்டுப் போடச் சொன்னார்கள், ஆறு பேர் அதையே திரும்பப் போடச் சொன்னார்கள். அவனியாபுரத்திலிருந்து முருகம்மாள் என்பவர், "மாவாட்டுறத நிறுத்திட்டுக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வெங்கடேஷ்பாபு அந்த ஒரு வரியைத் தாளில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

காளை அன்று ஊர்வலத்தில் இருந்தார். ஜெயக்கொடி முறைக்க முறைக்க அந்த இடத்துக்கு ஏறி, நின்று, பக்கவாட்டில் போய், தனக்குத் தெரிந்த வழியில் இறங்கி வந்தாராம். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து இது எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டிருக்கிறார். "தெரியலங்க. நல்லாருக்குல்ல?" என்றாராம் காளை. ஜாஸ் என்ற சொல்லை அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை.

வெங்கடேஷ்பாபு திருந்திவிட்டார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஐந்து ஞாயிறு ஒழுங்காக நடந்தது. ஆறாவது வாரம் அவர் கையில் புது ஃபைல் இருந்தது. அன்று சாயங்காலமே விளம்பரம் வந்துவிட்டது: "நாட்டியத்தைக் காதால் காணுங்கள். வரவிருக்கிறது."

நானும் யோக்கியன் இல்லை. இந்த மனிதரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. இதை மூடி வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவரிடம் போய், "நான் ஒரு காரியம் செய்யப்போறதா ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருக்கேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேளுங்கள். "அப்படி ஒண்ணும் சொன்னதில்லையே" என்றால் பிழைத்தீர்கள்.

"அதுல எதக் கேக்குறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டால், வாருங்கள், நம் ஆள்தான்.