விரால் பழக்கின வீரன்

சபதம்னா சபதம்தாங்க. வானமே இடிஞ்சாலும் காலைல ஏழு மணிக்கு முன்னாடி நான் எந்திரிக்க மாட்டேன்.

இந்தச் சபதத்துக்குக் காரணம் என் பொண்டாட்டி லுவா. கல்யாணமாகி மூணு வருஷமா, தெனமும் நாலரைக்கு எந்திரிச்சு, பொடிமீனை அரைச்சு, பின்னாடி குளத்துல இருக்குற நாலாயிரம் விராலுக்குப் போட்டது அவதான். போன மாசம் கையக் கழுவிட்டா. சோப்பு போட்டு நல்லாவே கழுவிட்டுச் சொன்னா:

"நாளைலேர்ந்து நீங்க அரைங்க."

"நானா? நான் படிச்சவன்டி!"

"கான் தோ டவுன் காலேஜ்ல ரெண்டு வருஷம். அதுல ஒன்றரை வருஷம் காப்பிக்கடை."

உண்மைதான். மீன்வளப் படிப்பைப் பாதில விட்டவன் நான். ஆனா பாதி தெரியுமே!

"அரைக்கவே வேணாம். இருபது நாள் குடு. விராலைக் கடைத் தீவனத்துக்குப் பழக்கிக் காட்டுறேன்."

"துள்ளுற மீனைத் துரத்தி முழுங்குற சாதி அது. காஞ்ச உருண்டையத் திங்குமா?"

"தின்னா, நான் ஏழு மணி வரைக்கும் தூங்குவேன். திங்கலன்னா, தெத் புத்தாண்டு வரைக்கும் நானே அரைக்கிறேன்."

"சரி"ன்னா. யோசிக்காமச் சரின்னா. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

பாடம் சுலபம். மொதல்ல மீனைப் பட்டினி போடணும். பசி வந்தா பத்தும் பறக்கும். அதுக்கப்புறம் என்ன பண்ணணுங்கிறது மூணாவது வருஷப் பாடம். நான்தான் ரெண்டாவது வருஷமே வெளில வந்துட்டேனே!

மூணு நாள் பட்டினி. நாலாம் நாள் உருண்டையப் போட்டேன். ஒரு விரால் வந்துச்சு. வாய்ல வச்சுச்சு. தூன்னு துப்பிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போச்சு. அஞ்சாம் நாள் ஒரு விரால் வாய்லேர்ந்து இன்னொரு விராலோட வால் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்படியே போனா இருபதாம் நாள் குளத்துல ஒரே ஒரு விரால்தான் இருக்கும். எருமை சைஸுல.

பக்கத்து வீட்டு எட்டாம் அண்ணன் வேலிக்கு மேல தலைய நீட்டினாரு. எங்க பக்கம் பொறந்த வரிசைதான் கூப்பிடுற பேரு.

"என்ன தம்பி, ஆளை ஆளே திங்குது?"

"ஆராய்ச்சி நடக்குதுண்ணே."

"பார்த்து. பசி முத்தி உன்னைக் கடிச்சிடப் போகுது."

ஆனா ஏழாம் நாள்லேர்ந்து கடிச்சுக்கிறது நின்னுபோச்சு. எல்லாம் என் மகிமைன்னு நெனைச்சேன்.

பத்தாம் நாள் காலைல ஏழு மணி. நான் உருண்டையத் தூவுறேன், ஒண்ணும் அசையல. லுவா வந்தா. இடுப்புல கை.

"தூங்குமூஞ்சி! சோத்து மூட்டை! கயித்துத் தொட்டில்லயே பொறந்து கயித்துத் தொட்டில்லயே படுத்துக் கிடக்குற மனுஷா!"

தண்ணி கொதிச்சுச்சுங்க! நூறு நூறா விரால் பாயுது. உருண்டை காலி. அவ வாய மூடினா, குளமும் மூடிக்கிச்சு.

"லுவா, இன்னொரு தடவ திட்டு!"

"எதுக்கு?"

"திட்டுடி, புண்ணியமாப் போகும்!"

"எருமை!" சளக். "களிமண் மண்டை!" சளக், சளக்.

"தெனமும் வந்து திட்டிட்டுப் போயேன்மா."

"வெறும் தண்ணியப் பார்த்து எப்படித் திட்டுறது? எதிர்ல நீங்க நின்னாத்தான் வார்த்தை வருது."

"நிக்கிறேன், நிக்கிறேன்."

"நாளைக்குக் கால் மணி நேரம் முன்னாடி வாங்க. மீனுக்குப் பசி சீக்கிரம் வருது."

கால் மணி நேரம்தானே! ஒத்துக்கிட்டேன். மறுநாளும் கால் மணி நேரம்தான். அதுக்கு மறுநாளும். கணக்கு மொத வருஷப் பாடம். அப்ப நான் காப்பிக்கடைல.

இருபதாம் நாள், அவ வாயே திறக்கல. நான் கைய நீட்டினதும் பாஞ்சு வந்து தின்னுச்சு. கரை மேலயே ஆடினேன். எட்டாம் அண்ணன் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

"ஜெயிச்சது நீயா? தெனமும் மத்தியானம் நீ கயித்துத் தொட்டில்ல குறட்டை விட்டப்போ, உன் பொண்டாட்டி என் மெஷின்ல பொடிமீனை அரைச்சுத் தீவனத்தோட கலந்து போட்டுச்சுடா. மொத நாள் மீன் முக்கால், தீவனம் கால். அப்புறம் தெனமும் மீனைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுச்சு. உன்னைத் திட்டிக்கிட்டேதான் போடும். அந்தத் திட்டுதான் சாப்பாட்டு மணி!"

யார் பழக்கினா என்ன? பந்தயம் பந்தயம்தான்.

"லுவா, அப்ப நான் தூங்கலாம்ல?"

"தாராளமா. ஏழு வரைக்கும்."

சிரிச்சா. ஏன் சிரிச்சான்னு அப்பப் புரியல.

மறுநாள். டக்குனு கண்ணு முழிச்சுச்சு. மணி பார்த்தேன். நாலரை. இடது பக்கம் புரண்டேன். வலது பக்கம் புரண்டேன். போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்தேன். ஹூம். வெளில விரால் சளக் சளக்குனு கூப்பிடுது. கொசுவலைக்குள்ள லுவா, மூணு வருஷத் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்குறா. கண்ணத் திறக்காமலே சொன்னா:

"முழிச்சாச்சா? தீவன மூட்டை கதவோரம் இருக்கு. போட்டுட்டு, அப்படியே சோத்துக்கு உலை வச்சிடுங்க. என்னை ஏழு மணிக்கு எழுப்பினாப் போதும்."

உலைய வச்சுட்டு அடுப்பு முன்னாடி உக்காந்தப்பதான் கணக்கு வந்துச்சு. அவ பழக்கினது நாலாயிரம் இல்லீங்க. நாலாயிரத்து ஒண்ணு.